நள்ளிரவில் பிளந்த இணைப்பும் 6,200 டாலர் மதிப்பீடும்

கேள்வி: டாலஸில் இருக்கிறோம். சென்ற மாதம் டீலரிடம் 2014 மாடல் மோட்டர்ஹோம் (படுக்கை, சமையலறை, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) ஒன்றை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கொலராடோ மலைப் பக்கம் போனோம். வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டின் குழாயில் சாதாரணப் பச்சைத் தோட்ட ஹோஸைச் சொருகி, மறுமுனையை நேராக வண்டியில் மாட்டினேன். மாலை முழுக்க ஒரு குறையும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் தரையெல்லாம் தண்ணீர். சிங்க்குக்கு அடியில் ஓர் இணைப்பு பிளந்திருந்தது. மொத்தக் குழாயையும் மாற்ற வேண்டும், 6,200 டாலர் ஆகும் என்கிறார் மெக்கானிக். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தேய்மானம் என்று போனிலேயே கைவிரித்துவிட்டார்கள். மாலையில் தாங்கிய குழாய் இரவில் ஏன் பிளந்தது? எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா? தோட்ட ஹோஸை மாட்டியதும் தவறா, சார்?

பதில்: மெக்கானிக்கின் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள். பிளந்த அந்த இணைப்பைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அது குப்பைக்குப் போய்விட்டால் உங்கள் பக்கம் பேச ஒன்றுமே இருக்காது.

நம் ஊரில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்குக் குழாய் அழுத்தம் ஒரு ஆபத்து என்றே தோன்றாது. ஏழு மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டி கீழ்க்குழாயில் கொடுப்பது சுமார் 10 பிஎஸ்ஐதான் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). நமக்கு வாழ்நாள் முழுக்க இருந்த கவலை தண்ணீர் வருமா வராதா என்பது மட்டுமே. மலையில் கதை வேறு. உங்கள் இடத்துக்கு மேலே 70 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் கீழே 100 பிஎஸ்ஐ வந்துவிடும். மோட்டர்ஹோம் குழாய்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 40 முதல் 60 வரை. வீட்டுக்கு வரும் அழுத்தம் 80-ஐத் தாண்டினால் குறைப்பான் வைக்க வேண்டும் என்று இங்குள்ள பிளம்பிங் விதிகளில் இருக்கிறது. கேம்ப்கிரவுண்ட் குழாயில் போய் அளந்து பார்ப்பது யார்? "கவனம், அழுத்தம் அதிகம்" என்று ஓர் அட்டை தொங்கவிட என்ன செலவாகிவிடும்? சில இடங்களில் தொங்குகிறது, பல இடங்களில் இல்லை.

இரவில் பிளந்ததற்குக் காரணம் எளிது. மாலையில் எல்லோரும் குளிக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். தண்ணீர் ஓடும்போது குழாயில் அழுத்தம் விழும். ஊர் அடங்கியதும் ஓட்டம் நின்று முழு அழுத்தமும் குழாயில் வந்து உட்காரும். அந்த நேரத்தில் எது பலவீனமோ அது போகும், பெரும்பாலும் பிளாஸ்டிக் இணைப்பு. குழாய் அவ்வளவு சீக்கிரம் போகாது.

மொத்தத்தையும் மாற்ற வேண்டுமா என்பதை நீங்களே சோதிக்கலாம். பிளந்த இணைப்பை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வெளிக்குழாயைக் கழற்றிவிட்டு வண்டியின் சொந்தத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பம்பைப் போடுங்கள். காற்று போகும் வரை குழாய்களைத் திறந்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் மூடுங்கள். பம்ப் சிறிது உறுமிவிட்டு நின்றுவிடும். ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். இடையில் அது தானாக உறுமாவிட்டால் மற்றக் குழாய்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அடிக்கடி உறுமினால் எங்கோ கசிவு. அப்போதும் முதலில் டாய்லெட் வால்வைப் பாருங்கள், 6,200 டாலரை எடுத்து நீட்டாதீர்கள்.

மொத்தமாக மாற்றியே ஆக வேண்டிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். 1970களின் கடைசியிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை அமெரிக்க வீடுகளிலும் மோட்டர்ஹோம்களிலும் பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிறக் குழாயைப் போட்டார்கள். தண்ணீரில் இருக்கும் குளோரின் அதை உள்ளிருந்து அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, திடீரென்று பிளக்கும். வழக்கு மேல் வழக்கு வந்து, அந்தக் குழாயே சந்தையை விட்டுப் போனது. அது இருந்தால் மாற்றுவதுதான் புத்தி. ஆனால் சாம்பல் நிறக் குழாயெல்லாம் அது இல்லை. அதற்குப் பிறகு வந்த பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாயும் சாம்பல் நிறத்தில் வந்திருக்கிறது. டார்ச் அடித்துக் குழாயின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 'பிபி' (PB) என்று தொடங்கி 2110 என்ற எண் இருந்தால் அது பழைய சனியன். 'பெக்ஸ்' (PEX) என்று இருந்தால் பயமில்லை. உங்கள் வண்டி 2014 மாடல் என்பதால் பெக்ஸாகத்தான் இருக்கும், இருந்தாலும் பார்த்துவிடுங்கள். மெக்கானிக்கையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது.

சரி, இன்ஷூரன்ஸ். போனில் சொன்னதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள், பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நெடுநாள் கசிவுக்குப் பெரும்பாலும் பணம் வராது. திடீரென்று பிளந்ததற்கு வர வாய்ப்பு உண்டு. நெடுநாள் கசிந்த இணைப்பைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும், பக்கத்துப் பலகை கறுத்திருக்கும். உங்களுடையது பளிச்சென்று பிளந்திருந்தால் அதுதான் உங்கள் சாட்சி. படம் எடுங்கள். தரையை உடனே உலர்த்துங்கள். ஒன்றிரண்டு நாளுக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் உலர்த்தாதது உங்கள் குற்றம் என்பார்கள். எழுத்திலும் மறுத்தால் டெக்சாஸ் இன்ஷூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்பதற்கு அது மேல்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டி வாங்கியபோது, கடைசிக் கையெழுத்து போடும் அறையில், 'எக்ஸ்டென்டட் வாரண்டி' என்று ஒன்றைத் தலையில் கட்டியிருப்பார்களே? அது வாரண்டியும் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. அது தனி சர்வீஸ் ஒப்பந்தம், விற்பவருக்கு அதில் கமிஷன். இந்த ஒப்பந்தங்களில் பலவற்றில் உடைந்த பாகத்துக்குப் பணம் உண்டு, அதனால் கெட்டுப்போன மற்றவற்றுக்குக் கிடையாது. உங்கள் விஷயத்தில் அப்படி என்றால் ஐந்து டாலர் இணைப்புக்குப் பணம் வரும், தரைக்கு வராது. நான் பார்த்த வண்டிக்காரர்களில் பாதிப் பேர் இப்படி ஏமாந்தவர்கள்தான். காலாவதியாகப் போகிறது என்று போனில் வந்து விற்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம், போனை வையுங்கள். வாங்கியிருந்தால் ரத்து செய்யும் விதி இருக்கிறதா என்று இன்றே ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள்.

அடுத்த பயணத்துக்கு ஒரு பிரஷர் ரெகுலேட்டர், அதாவது அழுத்தக் குறைப்பான், வாங்குங்கள். மீட்டர் வைத்த, திருகி அளவு மாற்றக்கூடிய ரகம். ஐம்பது டாலருக்கு உள்ளேயே கிடைக்கும், 45-இல் வையுங்கள். ஸ்டார்ட்டர் கிட்டோடு வரும் குட்டிப் பித்தளைக் குழல் வேண்டாம், குளிக்கத் தண்ணீர் சொட்டும். ரெகுலேட்டரைக் கேம்ப்கிரவுண்ட் குழாயில் மாட்டிவிட்டு அதற்குப் பிறகு ஹோஸை மாட்டுங்கள். பலர் வண்டிப் பக்கம் மாட்டுகிறார்கள், நடுவில் ஹோஸ் வெடிக்கிறது. வெளியே போனாலும் தூங்கப் போனாலும் குழாயை மூடிவிடுங்கள். அழுத்தம் குறைவாக இருக்கும் இடத்தில் ரெகுலேட்டர் அதைக் கூட்டித் தராது, சொந்தத் தொட்டியையும் பம்பையும் பயன்படுத்துங்கள்.

பச்சை ஹோஸ் குடிக்கும் தண்ணீருக்கு ஆகாது. தோட்ட ஹோஸில் ஈயமும் பிளாஸ்டிக் சரக்கும் இருக்கலாம். குடிநீருக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் வெள்ளை அல்லது நீல ஹோஸ் வாங்குங்கள். பச்சையைத் தூக்கி எறிய வேண்டாம், டாய்லெட் தொட்டியை அலசும் துளைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் துளையும் குடிநீர்த் துளையும் ஒரே அளவு, பல வண்டிகளில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். எழுத்தைப் படித்துவிட்டு மாட்டுங்கள். அலசும்போது கழிவு வால்வு திறந்திருக்க வேண்டும். அதை மூடி வைத்துவிட்டுக் காபி போடப் போன ஒருவரின் வண்டிக் கூரையை நான் கழுவியிருக்கிறேன், காற்றுக் குழாய் வழியாக எல்லாம் மேலே வந்திருந்தது.