பனி விழும் முன்பே பள்ளியை மூடலாமா?

கேள்வி: மொரிசியஸின் காத்ர் போர்னில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியை நான். என் மகள் நியூயார்க் நகரில், புரூக்ளினில், கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் இருக்கிறாள். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை. 2024 பிப்ரவரியில் பனிப்புயல் வரும் என்று முதல் நாளே அறிவித்து, பள்ளிக் கட்டடங்களை மூடி, பிள்ளைகளைக் கணினி வழியே படிக்கச் சொல்லிவிட்டார்கள். விழுந்த பனியோ பேரனின் கணுக்கால்கூட மறையாத அளவு. மகளுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. மருமகன், மூடியதுதான் சரி என்கிறார். ஒவ்வொரு பனிக்காலத்திலும் இதே வாக்குவாதம். இங்கும் புயல் எச்சரிக்கை வந்து பள்ளிகள் மூடிய பிறகு பளீரென்று வெயில் அடித்த நாள்கள் உண்டு. வராத புயலுக்காகப் பள்ளியை மூடுவது நியாயமா?
— வாசகி, காத்ர் போர்ன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் மகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் குறிப்பிடும் 2024 பிப்ரவரி 13 அன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பதிவான பனி 3 அங்குலத்தைச் சற்றே தாண்டியது. போதாக்குறைக்கு, கணினி வழி வகுப்புக்குள் நுழைய முடியாமல் காலை நேரத்தில் ஏராளமான பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆயினும், கேள்வியின் முடிவில் நீங்கள் கேட்டதற்கு என் விடை, மருமகன் பக்கம்தான் சாய்கிறது. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

அதே நகரத்தில் இதற்கு நேர்மாறாக நடந்த ஒரு நாளும் உண்டு. 2018 நவம்பர் 15 அன்று ஓரிரு அங்குலப் பனிதான் வரும் என்று எண்ணிப் பள்ளிகளை வழக்கம்போல் நடத்தினார்கள். பிற்பகலில் விழத் தொடங்கிய பனி 6 அங்குலத்தைத் தாண்டியது. சாலைகள் அடைபட்டு, பள்ளிப் பேருந்துகள் பாலங்களிலும் நெடுஞ்சாலைகளிலும் நின்றுவிட்டன. மதியம் பள்ளியிலிருந்து புறப்பட்ட சில பிள்ளைகள் நள்ளிரவை ஒட்டித்தான் வீடு சேர்ந்தார்கள். உணவில்லாமல், கழிப்பறை வசதியில்லாமல், எட்டு ஒன்பது மணி நேரம் பேருந்துக்குள் இருந்த ஐந்து வயதுப் பிள்ளையின் தாய், ஒரு நாள் கூலி போனதைப் பற்றி அன்று நினைத்திருப்பாரா?

அதைவிட மோசமான நாள் அட்லாண்டா நகரத்தில் 2014 ஜனவரி 28 அன்று நிகழ்ந்தது. பனிக்குப் பழகாத தென்பகுதி நகரம் அது. எச்சரிக்கை இருந்தும் காலையில் பள்ளிகளும் அலுவலகங்களும் திறந்தன. நண்பகலை ஒட்டிப் பனி விழத் தொடங்கியதும் பள்ளிகள், அலுவலகங்கள், கடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆட்களை வெளியே அனுப்பின. எல்லாருடைய காரும் ஒரே மணி நேரத்தில் சாலைக்கு வந்ததால், உப்புத் தூவும் வண்டிகள்கூட நகர இடமில்லாமல், இறுகிய பனியின்மேல் வாகனங்கள் வரிசையாக நின்றன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்றிரவு பள்ளிகளிலேயே படுத்து உறங்கினார்கள். விழுந்த பனியின் ஆழம் 3 அங்குலத்தைக்கூட எட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். 2024-இல் நியூயார்க்கில் உங்கள் மகளுக்கு வெறும் எரிச்சலைக் கொடுத்த பனியும் ஏறத்தாழ அதே அளவுதான்.

ஆகவே பனி எத்தனை அங்குலம் விழுந்தது என்பதை வைத்து மறுநாள் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்பதில்லை. காலையில் பிள்ளை பள்ளிக்குப் போவது பெரும்பாலும் எளிது. அது மாலையில் எப்படித் திரும்பும் என்பதுதான் கேள்வி, அதற்கு முந்தின இரவே விடை தேடியாக வேண்டும். முன்கூட்டி மூடுவது, நாள் முழுதும் திறந்து வைப்பது, இடையில் மூடுவது என்ற மூன்று முடிவுகளில் ஆகக் கெட்டது எது என்று கேட்டால், காலையில் திறந்துவிட்டு நண்பகலில் மூடுவதைத்தான் சொல்வேன்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், மேட்டுநிலப் பகுதியில் உள்ள ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தபோது, காலை ஏழு மணிக்குத் தூறலாக இருந்த மழை, பத்து மணிக்குள் ஆசிரியரின் குரலே கேட்காத அளவுக்குக் கொட்டத் தொடங்கியது. வானொலியில் அறிவிப்பு வந்ததும் பிள்ளைகளை அனுப்பச் சொன்னார்கள். பெற்றோர் வேலையில், பேருந்து வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. தாழ்வாரத்தில் நாற்பது பிள்ளைகளை நிறுத்திக்கொண்டு நின்றேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அம்மா திட்டுவாள் என்று புதுச் சப்பாத்தைக் கழற்றி, புத்தகப் பையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு மழையில் இறங்கப் பார்த்தாள். வாசலுக்கு எதிரே இருந்த கால்வாய் எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அதற்காக அன்று மேலிடத்தில் சில சொற்கள் கேட்கவும் நேர்ந்தது. போகட்டும்.

எனக்கு அன்று வாய்த்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. 2008 மார்ச் 26 அன்று மொரிசியஸில் கனமழையில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பள்ளி மாணவி. அன்று பள்ளிகள் திறந்திருந்தன. நம் நாட்டில் பள்ளிகளை மூடுவது குறித்த பேச்சு எப்போது எழுந்தாலும், அந்த நாளை நினைக்காத ஆசிரியர் எங்கள் தலைமுறையில் இல்லை.

வெயிலைப் பற்றிச் சொன்னீர்கள். கியூர்பிப்பில் மழை கொட்டும்போது போர்ட் லூயிஸில் துணி உலர்த்தும் வெயில் அடிப்பது இந்தத் தீவில் பிறந்த எவருக்கும் புதிதல்ல. புயல் என்பது இன்னும் சிக்கலானது. 2015 ஜனவரி இறுதியில் நியூயார்க் நகரத்துக்கு 2 அடிக்கு மேல் பனி வரும் என்று சொல்லி, பள்ளிகளை மூடி, சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 10 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. ஊர் சிரித்தது, வானிலையாளர் ஒருவர் வெளிப்படையாக மன்னிப்பே கேட்டார். ஆனால் மன்ஹாட்டனுக்குக் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஐஸ்லிப்பில் 2 அடிக்கு மேல் பனி குவிந்துவிட்டது. புயல் சொன்னபடியே வந்தது, கொஞ்சம் தள்ளி வந்தது. நம் தீவின் நீளமே 65 கிலோமீட்டர்தான். அந்த விலகலுக்குள் நம் தீவு முழுவதும் அடங்கிவிடும். வாக்வா வானிலை நிலையத்தில் உட்கார்ந்து புயலின் பாதையைக் கணிப்பவர்களை நாம் எவ்வளவு எளிதாகத் திட்டுகிறோம் என்பதை இதை வைத்து எண்ணிப் பாருங்கள்.

வராத புயலுக்குத் திட்டுகிறோம். வந்த வெள்ளத்துக்கும் திட்டுகிறோம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது, காலையில் வேலைக்குப் போனவர்கள் போர்ட் லூயிஸில் சிக்கிக்கொண்டதையும், தெருவில் கார்கள் மிதந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதையடுத்து வானிலைத் துறைத் தலைவர் பதவி விலகினார். முன்கூட்டி எச்சரித்து அது பொய்த்துப் போனால் ஒரு வாரம் கேலி. எச்சரிக்கத் தவறினால் பதவியே போகும். அப்படி இருக்கையில் அவர்கள் முன்ஜாக்கிரதையின் பக்கம் சாய்வதில் வியப்பென்ன?

இதில் ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். முன்கூட்டி மூடுவது என்பது முன்கூட்டித் தெரியும் ஆபத்துக்கு மட்டுமே பொருந்தும். நம் புயல் எச்சரிக்கை முறையில் முதல் வகுப்பு எச்சரிக்கை, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீசுவதற்கு 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே வருகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வரும் பனிப்புயலும் இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பே தலைகாட்டிவிடும். திடீர் வெள்ளம் அப்படியல்ல. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் சிறிது நேரத்தில் 152 மில்லிமீட்டர் மழை கொட்டி 11 பேர் இறந்தார்கள். அன்று சனிக்கிழமை, பள்ளி இல்லை. பள்ளி நாளாக இருந்திருந்தால், அன்றைய கனமழை விதிப்படி 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டர் பதிவாகும் வரை காத்திருந்து மூடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அத்தகைய மழையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல், பள்ளி மேட்டில் இருக்குமானால், மாடி வகுப்பறையில் வைத்துக்கொள்வதுதான் அறிவு என்பது என் உறுதியான கருத்து.

இப்போது உங்கள் மகளின் கூலிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் உண்மையான வலி அங்கேதான் இருக்கிறது. 2014 பிப்ரவரி 13 அன்று கடும் பனியிலும் நியூயார்க்கில் பள்ளிகளைத் திறந்து வைத்தார்கள். பள்ளி திறந்தால்தான் ஒரு வேளை சூடான உணவு கிடைக்கும் என்ற நிலையில் பல பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றோர் வேலைக்குப் போயாக வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பொய்யான காரணம் அல்ல. ஆனால் அன்று வந்த மாணவர்கள் சுமார் 45 சதவீதம் பேரே. பாதிக்கு மேற்பட்ட பெற்றோர், பள்ளி திறந்திருந்தும், பிள்ளையை வெளியே விடவில்லை. ஏழைப் பிள்ளையின் சோறும் தாயின் சம்பளமும் உண்மையான பிரச்சினைகள். அவற்றைத் தீர்க்க எல்லாப் பிள்ளைகளையும் பனியில் இறக்குவது வழியாகாது. புயல் நாளில் வர இயலாத ஊழியருக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று கேட்பது நேர்வழி. உங்கள் மகள் பள்ளி நிர்வாகத்திடம் காட்டும் கோபத்தில் பாதியை மருத்துவமனை நிர்வாகத்திடம் காட்டலாம்.

அதுவரை அவள் செய்யக் கூடியது ஒன்று உண்டு. அதே கட்டடத்திலோ அதே தெருவிலோ, அதே பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் இரண்டு மூன்று குடும்பங்களோடு இப்போதே, பனிக்காலம் வருமுன், பேசி வைத்துக்கொள்ளட்டும். இன்றைக்கு உன் வீட்டில், அடுத்த முறை என் வீட்டில் என்று ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் மற்றவர்கள் வேலைக்குப் போகலாம். நம் தாய்மார் புயல் நாள்களில் ஓட்டுவீட்டுக்காரர் பிள்ளைகளையும் தகரக் கூரைக்காரர் பிள்ளைகளையும் காங்கிரீட் வீடு ஒன்றில் சேர்த்து, ஒரே பானையில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததை அவளுக்கு நினைவூட்டுங்கள். புரூக்ளினில் கஞ்சி வேண்டாம் என்றால் ரொட்டி போதும்.

அடுத்த முறை பேரன் திரையில் வரும்போது பனி எத்தனை அங்குலம் என்று கேட்காதீர்கள். பள்ளியிலிருந்து வீட்டுக்கு அவன் நடந்து வருகிறானா, பேருந்தில் வருகிறானா, பேருந்து நின்றுவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவனுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால், அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பையின் உள்பக்கத்தில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.