திம்பம் ரோட்டில் அப்பாவின் காரைக் காணோம்; முதலில் யாரைக் கேட்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் ஒரு முறை கோவையிலிருந்து சத்தியமங்கலம், திம்பம் வழியாகச் சாமராஜநகரில் இருக்கும் அத்தை வீட்டுக்குத் தனியாகவே காரோட்டிப் போவார். போன மாதம் மதியம் ஒரு மணிக்குப் பிறகு போன் கிடைக்கவில்லை. ஸ்டேஷனில் "24 மணி நேரம் பார்த்துட்டு வாங்க" என்றார்கள். வாசலில் நின்ற ஒருவர் 8,000 ரூபாய்க்கு அப்பா போனின் டவர் விவரத்தை எடுத்துத் தருவதாகச் சொன்னார், கொடுத்துவிட்டோம். ராத்திரி பத்து மணிக்குத் தாளவாடிப் பக்கம் ஒரு பெட்டிக்கடைக்காரர்தான் தன் போனிலிருந்து எங்களைக் கூப்பிட்டார். பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றிருந்தது. அப்பா நலமாக இருக்கிறார். மறுபடி இப்படி நடந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
வாசகி, கோவை

பதில்: அந்த 8,000 ரூபாயை முதலில் பேசிவிடுவோம். அடுத்த முறையும் அதே ஆள் அதே வாசலில்தான் நிற்பார். ஒருவருடைய அழைப்புப் பட்டியலையும் டவர் விவரத்தையும் செல்போன் நிறுவனம் காவல்துறைக்குத்தான் கொடுக்கும். அதுவும் மாவட்டம் என்றால் எஸ்.பி., மாநகரம் என்றால் துணை ஆணையர் நிலையில் இருக்கும் அதிகாரி வழியாகக் கோரிக்கை போக வேண்டும். வெளியாள் ஒருவர் எடுத்துத் தருகிறேன் என்றால், ஒன்று வாய்க்கு வந்த ஊர்ப்பெயரைச் சொல்வார், இல்லை திருடி விற்பார். 2018இல் மகாராஷ்டிரத்தில் தானே போலீஸ் இப்படிப் பட்டியல் விற்ற தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தது. காசு கொடுத்து வாங்கியவர்களும் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். காணாமல் போனவருக்காகப் போலீஸ் இதைக் கேட்டுப் பெறுவதற்கு நீங்கள் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

சரி, நிஜமான டவர் விவரமே கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது அப்பா நிற்கும் இடத்தைக் காட்டாது. அவர் போன் கடைசியாக எந்த டவரைப் பிடித்தது என்பதை மட்டும் சொல்லும். காட்டுப் பகுதியில் ஒரு டவர் பல கிலோமீட்டர் தூரத்துக்குப் பேசும். மலை வளைவில் ஒரு திருப்பத்தில் பக்கத்து டவர் மறைந்து, எதிர்ச் சரிவுக்கு அப்பால் இருக்கும் டவர் தெரியும். போன் அதைப் பிடித்துக்கொள்ளும். "டவர் கர்நாடகாவில் காட்டுது" என்ற ஒரு வார்த்தையை நம்பி எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட, வண்டி இந்தப் பக்கம் நிற்கும்.

உங்களுக்கு வேண்டியது இரண்டு புள்ளிகள். அப்பா நிச்சயமாகக் கடந்த கடைசி இடம் ஒன்று, நிச்சயமாகப் போய்ச் சேராத முதல் இடம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரோட்டைத்தான் தேட வேண்டும். 150 கிலோமீட்டர் பயணத்தை 20 கிலோமீட்டராகச் சுருக்கிக் கொடுத்தால், எந்த ஸ்டேஷனும் ஒரு ஜீப்பை அனுப்பிவிடும். மொத்தப் பாதையையும் கொடுத்தால் யாரும் நகர மாட்டார்கள்.

அந்தப் பாதையில் இந்தப் புள்ளிகள் கிடைப்பது மற்ற ரோடுகளைவிடச் சுலபம். பண்ணாரி, காரப்பள்ளம், கர்நாடகப் பக்கம் புளிஞ்சூர் என்று சோதனைச் சாவடிகள் வரிசையாக இருக்கின்றன. வண்டி எண், நிறம், உத்தேச நேரம் மூன்றையும் சொல்லி, மூன்று இடத்திலும் பதிவேட்டையும் கேமராவையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்களிடம் கேமராப் பதிவைக் காட்ட மறுப்பார்கள், போலீஸ் கேட்டால் காட்டுவார்கள். பண்ணாரியில் ஏறியிருக்கிறது, காரப்பள்ளத்தில் இறங்கவில்லை என்று தெரிந்துவிட்டால் தேடும் இடம் தெளிவாகிவிடும். 27 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்துக்கும் ஆசனூருக்கும் இடையிலான காட்டு ரோடு, கூடவே இரண்டு பிரிவுகள்: திம்பத்தில் தலமலை வழியாகத் தாளவாடிக்குப் போவது, ஆசனூர்ப் பக்கம் கொள்ளேகாலுக்குப் பிரிவது. போன மாதம் உங்கள் அப்பா தாளவாடிப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறார் என்பதால் அந்த முதல் பிரிவின் மேல் எனக்குச் சந்தேகம். வழி தவறிய முதியவர் பெரும்பாலும் திரும்பி வரப் பார்ப்பதில்லை, ரோடு போகிற திசையிலேயே பெட்ரோல் தீரும்வரை ஓட்டிக்கொண்டிருப்பார். புறப்படும்போது டேங்கில் எத்தனை லிட்டர் இருந்தது என்று தெரிந்தால் எல்லை போட்டுவிடலாம். பத்து லிட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 150 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்க முடியாது.

ஃபாஸ்டாக் செய்தியையும் பாருங்கள். விஜயமங்கலம் சுங்கச்சாவடியில் பணம் கழிந்திருந்தால் அவர் சத்தி ரோட்டிலேயே இல்லை, சேலம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நஞ்சன்கூடு தாண்டிக் கடகொளாவில் கழிந்திருந்தால் சாமராஜநகரைத் தவறவிட்டு மைசூருக்குப் போய்விட்டார். ஆனால் பல வீடுகளில் ஃபாஸ்டாக் அப்பாவின் எண்ணில்தான் பதிவாகியிருக்கும். செய்தி அவர் சட்டைப்பைக்குள்ளேயே போய் விழும். இன்றைக்கே அதை உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள். செய்தி தாமதமாகவும் வரலாம், வந்து சேர்ந்த நேரத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் நேரத்தைப் படியுங்கள்.

அடுத்தது போன். சொந்தக்காரர்கள் இருபது பேரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டு, மிச்சமிருக்கும் பேட்டரியைத் தீர்த்துவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் அரை மணிக்கு ஒரு முறை கூப்பிடட்டும். என்ன அறிவிப்பு வருகிறது என்பதை நேரத்தோடு தாளில் எழுதட்டும். "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று வந்தால் சிக்னல் இல்லாத இடம். "சுவிட்ச் ஆஃப்" என்று வந்தால் போன் முறையாக அணைந்திருக்கிறது. சில மணி நேரம் போனால் இந்த வித்தியாசம் குழம்பிவிடும், அதனால் முதல் இரண்டு மணி நேர அறிவிப்புதான் பயன்படும். டெலிவரி ரிப்போர்ட்டைப் போட்டுவிட்டு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி வையுங்கள். போன் ஒரு நிமிடம் சிக்னலுக்குள் வந்தாலும் அது போய்ச் சேர்ந்து உங்களுக்குத் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் எந்தச் செய்திவரை இரண்டு டிக், எதிலிருந்து ஒரு டிக் என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் அவர் சிக்னலை விட்டுப் போயிருக்கிறார். கூகுள் மேப்பில் லொகேஷன் ஷேரிங் முன்பே போட்டு வைத்திருந்தால் கடைசி இடமும் நேரமும் தெரியும். காணாமல் போன பிறகு அவர் கணக்குக்குள் நுழையப் பார்த்தால், சரிபார்ப்பு எண் அவர் போனுக்கே போகும்.

இனி அந்த 24 மணி நேரம். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்தும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இதைச் சொல்லிக் குடும்பத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். சர்க்கரை நோயாளியான 76 வயதுக்காரர் ஒரு ராத்திரி காட்டு ஓரத்தில் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க எந்தச் சட்டப் புத்தகமும் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173ஆம் பிரிவு, குற்றம் எந்த ஊர் எல்லைக்குள் நடந்திருந்தாலும் புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம் என்கிறது. காணாமல் போனவர் புகாருக்கும் அதையே சொல்லிக் கேளுங்கள். "அது ஈரோடு மாவட்டம்", "அது கர்நாடகா" என்று உங்களை அலைய விடக் கூடாது. 112க்குக் கூப்பிட்டுவிட்டு நேரே வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனுக்கே போங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். வண்டி எண், நிறம், கடைசியாகப் பேசிய நேரம், உடுத்தியிருந்த துணி, சாப்பிடும் மாத்திரைகள், அந்த இரண்டு புள்ளிகள் எல்லாம் அதில் இருக்கட்டும். சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அது புகார் வாங்கியதற்கான சீட்டு மட்டும்தான். 'மேன் மிஸ்ஸிங்' என்று எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள். மறுத்தால் அதே புகாரை எஸ்.பி. அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அதைவிட அவசரம், ஈரோடு, சாமராஜநகர் இரண்டு மாவட்டக் கன்ட்ரோல் ரூமுக்கும் வண்டி எண்ணை வயர்லெஸ் மைக்கில் சொல்ல வைப்பது. ரோந்து வண்டிக்காரர் காதில் எண் விழுந்தால்தான் ஓரத்தில் நிற்கும் கார் அவர் கண்ணில் படும்.

பதறாமல் இருக்க ஒரே ஒரு சூழ்நிலை இருக்கிறது. பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 முதல் இரவுப் போக்குவரத்துத் தடை நடப்பில் இருக்கிறது. கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை, சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணிக்கே அடைத்துவிடுவார்கள். அப்பா சாயங்காலம் தாமதமாகக் கிளம்பி ஒன்பதைத் தாண்டிப் பண்ணாரிக்குப் போயிருந்தால், கோயில் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கலாம். திரும்பி வரும்போது காரப்பள்ளத்திலும் இதே கதைதான், அங்கே சிக்னலும் சரியாக இருக்காது. உள்ளூர்க்காரர்களுக்குத் தளர்வு உண்டு, கோவைப் பதிவு எண்ணுக்குக் கிடையாது. இந்தக் கணக்கை நேரத்தோடு போட்டுப் பாருங்கள். கோவையிலிருந்து மாலை ஆறரைக்குப் புறப்பட்டவருக்கு இது பொருந்தும். காலை பத்து மணிக்குப் புறப்பட்டு மதியம் ஒரு மணிக்குப் பேச்சு நின்றவருக்குப் பொருந்தவே பொருந்தாது. "கேட் அடைச்சிருப்பாங்க, காலைல வந்துடுவார்" என்று ஸ்டேஷனில் ஆறுதல் சொன்னால், நேரத்தைக் காட்டிப் பேசுங்கள். கேட்டில்தான் நிற்கிறார் என்றால் சாவடியில் இருப்பவர் டார்ச் அடித்து எண்ணைப் பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்ய வைக்காமல் இரவைக் கடத்தாதீர்கள்.

நீங்களே தேடப் போவதானால் பகலில் போங்கள். ஒருவர் ஓட்ட, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், வேகம் 20க்கு மேல் வேண்டாம். வலப்பக்கம் திரும்பும் வளைவில் திரும்பாமல் போன வண்டி ரோட்டின் இடது ஓரம் வழியாக வெளியே போகும். இடப்பக்கம் திரும்பும் வளைவு என்றால் எதிர்த் தடத்தைக் கடந்து வலது ஓரத்தில் இறங்கும். அதனால் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. பெயர்ந்த ஓரக்கல், வளைந்த தடுப்புக் கம்பி, முறிந்து இலை வாடாத கிளை, கண்ணாடித் தூள், ஆயில் கசிவு: இவற்றைத் தேடுங்கள். காரைத் தேடாதீர்கள், உண்ணிச்செடி அதை மூடியிருக்கும். இது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், யானை நடமாடும் காடு. வனத்துறை ஆள் இல்லாமல் ரோட்டை விட்டு ஒரு அடி இறங்கக் கூடாது. வண்டி கிடைத்து ஆள் இல்லையென்றால், முதலில் வண்டியைச் சுற்றியுள்ள நிழல், புதர், ரோட்டின் சிறு பாலத்தின் அடி, அதன் பிறகுதான் தூரம்.

சர்க்கரை இறங்கியவர் குடித்தவர் மாதிரிதான் தெரிவார். தள்ளாடுவார், குழறுவார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். அதைப் பார்த்து ஒதுங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். போலீஸிடமும் சாவடியிலும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நினைவு இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108. சத்தி அரசு மருத்துவமனை, சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனை இரண்டிலும் பெயரைச் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். 'அடையாளம் தெரியாத ஆண், 70 வயது மதிக்கத்தக்கவர்' என்று யாராவது வந்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் படம் போடும்போது சன்மானம் என்று எழுதாதீர்கள். எழுதிய ஒரு மணி நேரத்தில் "பெரியவர் எங்ககிட்டதான் இருக்கார், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 5,000 ஜிபே பண்ணுங்க" என்று போன் வரும். ஒரு அடையாளத்தைப் படத்தில் போடாமல் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டுத் துண்டின் நிறம் போதும். கூப்பிடுகிறவரிடம் அதைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள், அனுப்பிவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930. கிரேன்காரரிடமும் வண்டியைத் தூக்கும் முன் தொகை, எந்த ஊரில் விடுவார் என்பதை எழுதி வாங்குங்கள். தன் யார்டுக்குக் கொண்டுபோய்ச் சாவியைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, கேட்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். இந்த வயதில் லைசென்ஸை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்குப் படிவம் 1ஏ மருத்துவச் சான்று வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் டாக்டர் முகத்தையே பார்க்காமல் அந்தச் சான்று கிடைத்துவிடுவதும் உண்டு. அப்படி வாங்கினால் கண், காது, மறதி எதையும் யாரும் பார்ப்பதில்லை. அப்பாவை உண்மையான டாக்டரிடம் கூட்டிப் போய், தாளவாடியில் நடந்ததைச் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள். ஓட்டலாம் என்று அவர் சொன்னால், காரில் ஜி.பி.எஸ். கருவி வையுங்கள், உள்ளேயே பேட்டரி இருக்கும் வகையாகப் பார்த்து. அதற்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. ரீசார்ஜ் தீர்ந்து பல மாதம் செத்துக் கிடக்கும் கருவிகளே அதிகம், காலாவதித் தேதியை உங்கள் போனில் நினைவூட்டலாகப் போடுங்கள். காட்டுக்குள் சிக்னல் இல்லாத இடத்தில் அது பேசாது, வெளியே வந்த பிறகுதான் சேர்த்து வைத்ததை அனுப்பும்.

முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள்: பெயர், சர்க்கரை நோயாளி என்ற விவரம், உங்கள் எண், அத்தை வீட்டு எண். தமிழில் எழுதியதன் கீழே கன்னடத்திலும் அதையே எழுதச் சொல்லி அத்தை வீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.