உயர்த்திய வண்டியும் அதிரும் டிரைவ் ஷாஃப்டும்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: நான்கு சக்கர இயக்க வண்டியின் சஸ்பென்ஷனை 4 அங்குலம் உயர்த்தினேன். அன்று முதல், வேகம் கூடினால் இருக்கையும் தரையும் அதிர்கின்றன. உயர்த்தும் கிட்டைப் பொருத்தியவர் டயரைக் குறை சொல்கிறார். டயர்க் கடைக்காரர் டிரைவ் ஷாஃப்டை (சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டை) காட்டுகிறார். யாரை நம்புவது?

பதில்: சோதித்துப் பார்க்காமல் இருவரையும் நம்ப வேண்டாம். அதிர்வு வரும் வேகத்தில் ஆக்சிலரேட்டரை ஒரு முறை அழுத்தியும், ஒரு முறை காலை எடுத்தும் ஓட்டிப் பாருங்கள். டயர் பேலன்ஸில் குறை இருந்தால், அழுத்தினாலும் விட்டாலும் அதிர்வு பெரிதாக மாறாது. ஷாஃப்டின் கோணம் பிசகியிருந்தால் பெரும்பாலும் மாறும். ஏனெனில் இழுவையின்போது பின் ஆக்சில் முறுக்கிக்கொண்டு பினியனின் (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சில் கியரின்) முனை மேலே எழும்பும், காலை எடுத்தால் இறங்கும். அப்போதும் ஐயம் தீராவிட்டால், பகுதிநேர நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரித்தனுப்பும் பெட்டியை) நான்கு சக்கர உயர் கியரில் வைத்து, முன் சக்கர இழுவையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கலாம். அதிர்வு மறைந்தால் குறை பின் ஷாஃப்டில்தான். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நழுவும் யோக் (ஷாஃப்ட் முனையிலுள்ள கவை) கொண்ட வண்டியானால், அதை உருவியதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் வெளியேறும் என்பதால் அந்த வாயை அடைத்துவிட்டே ஓட்ட வேண்டும். நிறுத்தும்போது கை பிரேக்கைப் போட மறக்காதீர்கள்.

கேள்வி: ஷாஃப்டை மறுபடி பேலன்ஸ் செய்தால் போதுமா?

பதில்: கோணம் தவறாக இருந்தால் போதாது. முதலில் அளவெடுங்கள்.

கேள்வி: ‘முழுமையான கிட், வேறு எதுவும் தேவைப்படாது’ என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினேன். இப்போது அதிர்வு. விற்றவரிடம் கேட்டால், ‘உயர்த்திய வண்டி அப்படித்தான் இருக்கும்’ என்கிறார். உண்மையா?

பதில்: உண்மை இல்லை. நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், நான்கு போல்ட்டுகளைப் பெட்டியில் அடைத்து ‘முழுமை’ என்று எழுதும் வழக்கத்தைப் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகிறேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் வண்டியோடு மேலே போகிறது, ஆக்சில் தரையோடு நிற்கிறது, இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் சரிகிறது. இது விற்பவருக்குத் தெரியாத செய்தி அல்ல. ஷாஃப்டின் முனையிலுள்ள மூட்டான சாதாரண யூ ஜாயின்ட் சாய்ந்த நிலையில் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். சாய்வு 3 டிகிரியானால் அந்த ஏற்ற இறக்கம் 0.14 சதவீத அளவில் இருக்கும். 10 டிகிரியானால் ஏறத்தாழ 1.5 சதவீதம் ஆகிவிடும். 31 அங்குல டயரும் 4-க்கு 1 ஆக்சில் விகிதமும் உள்ள வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது ஷாஃப்ட் வினாடிக்கு ஏறத்தாழ 45 சுற்றுகள் சுற்றும். ஆகவே உங்கள் முதுகில் படுவது வினாடிக்குத் தொண்ணூறு உதைகள். இரு முனைகளின் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுசெய்யும். அவற்றுக்கிடையே ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு கூடாது. ஆக்சிலைச் சற்றுத் திருப்பி இதைச் சரிப்படுத்தும் ஆப்புத் தகடோ, ஆக்சிலைப் பிடித்திருக்கும், நீளம் மாற்றக்கூடிய கன்ட்ரோல் ஆர்மோ, தேவைப்பட்டால் புதிய ஷாஃப்டோ இல்லாத பெட்டி முழுமையானது அல்ல. விளம்பரத்தின் நகலையும் பில்லையும் இணைத்து, விடுபட்ட பாகங்களையோ பணத்தையோ எழுத்து மூலமாகக் கேளுங்கள். தொலைபேசியில் பேசிக் கரைய விடாதீர்கள்.

கேள்வி: மெக்கானிக் சொன்னபடி இரட்டை கார்டன் இணைப்புள்ள விலையுயர்ந்த ஷாஃப்டைப் பின்னால் பொருத்தினேன். அதிர்வு குறையவே இல்லை.

பதில்: ஷாஃப்டை மாற்றியவர் பினியனைத் திருப்பாமல் விட்டிருப்பார் என்றே தோன்றுகிறது. இரண்டு யூ ஜாயின்ட்டுகளை அடுத்தடுத்துச் சேர்த்த இந்த இரட்டை இணைப்பு தன் பக்கத்து, அதாவது மேலே டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்து, கோணத்தைத் தானே சமன் செய்துகொள்ளும். ஆகவே கீழ் முனையில் சாய்வு ஏறக்குறைய இல்லாதபடி பினியன் ஷாஃப்டை நேராக நோக்க வேண்டும். இழுவையில் அது எழும்பும் என்பதால், நிற்கும்போது 1 அல்லது 2 டிகிரி தாழ்த்தி வைப்பார்கள். பழைய நிலையிலேயே விட்டிருந்தால், சமன் செய்யத் துணை இல்லாமல் கீழ் இணைப்பு தனியாக உதைக்கும். லீஃப் ஸ்பிரிங் வண்டியானால் எஃகு ஆப்புத் தகட்டைக் கேட்டு வாங்குங்கள். நான் ஒரு முறை வாங்கிய அலுமினியத் தகடு நசுங்கி விரிசல் விட்டது. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. முன் ஆக்சிலில் மட்டும் இந்த வேலையை எச்சரிக்கையோடு செய்ய வேண்டும்: பினியனை மேலே திருப்பினால் கேஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும்.

கேள்வி: டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாழ்த்தும் ஸ்பேசர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: சிறிய உயர்வுக்கு உதவும். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய தரை இடைவெளியில் ஒரு பங்கை வண்டியின் நடுவில் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

கேள்வி: வேறு மாடலின் பழைய ஷாஃப்டை இணையத்தில் வாங்கினேன். நீளம் போதவில்லை. விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: அவர் சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒன்றா? ஒன்றென்றால் அவர் மீது குற்றம் இல்லை. இந்தக் கேள்வி-பதில் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும், அளக்காமல் வாங்கிவிட்டுப் பிறகு கடிதம் எழுதுகிறவர்கள் குறையவில்லை. வண்டி தன் எடையில் நான்கு சக்கரங்களிலும் நிற்கும்போது யோக்கிலிருந்து யோக்குக்கு அளவெடுங்கள்; பிறகு ஆக்சிலை முழுவதும் தொங்கவிட்டும், முழுவதும் அமுக்கியும் பாருங்கள். தொங்கும்போது நழுவு பகுதி கழன்றுவிடக் கூடாது. அமுங்கும்போது முட்டக் கூடாது. கையிலுள்ள ஷாஃப்டை வெட்டி வெல்டிங் செய்வதானால், இரு முனை யோக்குகளும் ஒரே வரிசையில் அமைகின்றனவா என்று பாருங்கள், பேலன்ஸ் செய்ததற்கான அளவுச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அதிர்வு லேசாகத்தான் இருக்கிறது. சில மாதம் இப்படியே ஓட்டலாமா?

பதில்: கூடாது. வண்டிக்கு அடியில் போய் யூ ஜாயின்ட் கிராஸின் (நடுவிலுள்ள சிலுவைத் துண்டின்) நான்கு மூடிகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பில் செம்பழுப்புத் துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி உருளைகள் தேய்கின்றன என்று பொருள். ஷாஃப்டைக் கையால் திருகினால் ஆட்டம் தெரிந்தாலும் அதே நிலைதான். ஓடும்போது அறுந்த ஷாஃப்ட் சுழன்று அடித்து டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிக்கூட்டையும் எரிபொருள் குழாயையும் உடைக்கக்கூடும். கிராஸ் மாற்றும் செலவோடு முடிய வேண்டியதை அதுவரை இழுக்காதீர்கள். இந்த வாரமே கழற்றுங்கள்.