அணை நிலவரம்: வாசகர் கேள்விகள்

கே: தாமிரபரணியில் பாபநாசம் அணை 100 அடி ஆகிவிட்டது. மொத்தமே 143 அடிதானே, முக்கால்வாசி நிரம்பியாச்சு என்று பிசான நெல் சாகுபடிக்கு நாற்று பாவலாமா? (கல்லிடைக்குறிச்சி வாசகர்)

ப: அவசரப்படாதீர்கள். அணைக்குப் பின்னால் இருப்பது மலைப் பள்ளத்தாக்கு. அடியில் ஒடுங்கி, மேலே விரிந்தது. கீழே பத்தடி ஏறுகிற தண்ணீர் மேலே ஓரிரு அடிக்கே போதாது. 100 அடியில் இருப்பு பாதியை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கும்.

அடியை வைத்து அணைகளை ஒப்பிடவும் கூடாது. சேர்வலாறு 156 அடி, கொள்ளளவு 1,225 மில்லியன் கன அடி. மணிமுத்தாறு 118 அடிதான், ஆனால் 5,511. பாபநாசம் 5,500. உயரத்தில் முதல் ஆள் கொள்ளளவில் கடைசி!

பேப்பரில் இருப்பு, வரத்து, திறப்பு மூன்றையும் பாருங்கள். வினாடிக்கு 1,000 கன அடி நாள் முழுக்க ஓடினால் 86.4 மில்லியன் கன அடி. வரத்து 400, திறப்பு 1,000 என்றால் தினம் சுமார் 52 மில்லியன் கன அடி குறையும். இருப்பு 2,000 என்றால் 38 நாள். மதகுக்குக் கீழே நிற்பது வெளியே வராது, வெயிலும் கொஞ்சம் குடிக்கும். முப்பது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசானத்துக்கு நாலு மாதம் வேண்டும். மீதியை ஐப்பசி, கார்த்திகை மழைதான் தர வேண்டும்.

கே: கரண்ட் எடுக்கத் தண்ணீரை வீணாக்குகிறார்களாமே? (அம்பாசமுத்திரம் வாசகர்)

ப: டர்பைனைச் சுற்றிய தண்ணீர் மறுபடி தாமிரபரணியில்தான் விழுகிறது. கால்வாய்க்குத் தேவையில்லாத நாளில் மின்சாரத்துக்காகத் திறந்தால் மட்டும் உங்கள் புகார் நியாயம்.

கே: 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்பே அணைகளைக் காலி செய்திருந்தால்? (ஸ்ரீவைகுண்டம் வாசகர்)

ப: அன்று கடலோரக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அணைக்குக் கீழே பெய்வதை எந்த அணையும் பிடிக்காது. மேலே பெய்வதைப் பிடிக்க அணையில் இடம் வேண்டும். பாசனத்துக்கோ அதே மாதத்தில் அணை நிறைந்திருக்க வேண்டும். முழுக்கக் காலி செய்தபின் மழை ஏமாற்றினால் கோடையில் குடிதண்ணீருக்கே திண்டாட்டம். உச்சியில் சில அடி மட்டும் காலியாக விட்டுவைப்பதே நடைமுறை. அகலம் அங்கேதான் அதிகம் என்பதால், அந்தச் சில அடியே கணிசமான நீர்வரத்தைத் தாங்கும்.