கழுத்துல மட்டும் ஏன் எரியுது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், வேலைக்கு தினமும் கிளீன் ஷேவ் பண்ணிட்டுத்தான் போகணும். கன்னத்துல ஒரு பிரச்சனையும் இல்ல, ஆனா கழுத்துல, அதுவும் குரல்வளைக்கு ரெண்டு பக்கமும், ஷேவ் முடிச்ச உடனே எரிய ஆரம்பிச்சு சாயந்திரத்துக்குள்ள செவப்பு செவப்பா பொரிஞ்சுடுது. சரி பிளேடுதான் சரியில்லபோலன்னு அஞ்சு பிளேடு ரேசரா வாங்கினேன், முன்ன இருந்ததுக்கு இன்னும் மோசமாயிடுச்சு. மழமழன்னும் இருக்கணும், எரியவும் கூடாது, ரெண்டும் சேர்ந்து நடக்குமா? (26 வயது வாசகர்)

பதில்: நடக்கும். ஆனா கன்னத்துக்குப் பண்ற அதே ஷேவைக் கழுத்துக்கும் பண்றதை முதல்ல நிறுத்தணும். உங்க கடுதாசியைப் படிச்ச உடனே எனக்குத் தோணுனது இதுதான், முடி எந்தப் பக்கம் சாஞ்சு வளருதுன்னு நீங்க இதுவரைக்கும் தடவிப் பார்த்திருக்கவே மாட்டீங்க, ஏன்னா நிறைய பேர் பார்க்கறதில்ல.

லீவு நாள் வர்றப்போ ரெண்டு நாள் ஷேவ் பண்ணாம விட்டுட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு விரல் நுனியால கழுத்தை மெதுவா தடவுங்க. மேலேருந்து கீழ, கீழேருந்து மேல, காதுப் பக்கத்துலேருந்து தொண்டைப் பக்கம், அப்புறம் திரும்ப. எந்தப் பக்கம் தடவும்போது வழுக்கிட்டுப் போகுதோ அதுதான் முடியோட போக்கு, எந்தப் பக்கம் சொரசொரன்னு தடுக்குதோ அது எதிர்ப்போக்கு. கன்னத்துல பெரும்பாலும் முடி கீழ்நோக்கித்தான் இருக்கும். கழுத்துல அப்படி இல்ல, பலருக்குக் குரல்வளைக்குக் கீழ முடி மேல்நோக்கி வளரும், சிலருக்குப் பக்கவாட்டுல படுத்திருக்கும், ஒரு பக்கம் ஒரு மாதிரி இன்னொரு பக்கம் வேற மாதிரி இருக்கறவங்களும் உண்டு, சுழி போட்டு வளர்றதும் உண்டு. அதனால நீங்க "மேலேருந்து கீழதானே இழுக்கறேன், சரியாத்தானே பண்றேன்"னு நினைச்சுட்டு இருப்பீங்க, ஆனா அந்த இடத்துல அது சுத்தமா ரிவர்ஸ் ஷேவ். அதுவும் முதல் இழுப்பே ரிவர்ஸ்ல, நீளமா இருக்கற முடி மேல. எரியாம என்ன பண்ணும்!

தடவிப் பார்த்ததை ஒரு பேப்பர்ல முகம் மாதிரி கோடு போட்டு அம்புக்குறியா வரைஞ்சு வெச்சுக்கோங்க, ஒரு வாரம் அதைப் பார்த்துப் பண்ணா கை பழகிடும்.

இப்போ அஞ்சு பிளேடு விஷயம். அந்த மாதிரி ரேசர்ல முன்னால போற பிளேடு முடியைக் கொஞ்சம் வெளிய இழுத்து வெட்டும், அது திரும்ப உள்ள போறதுக்குள்ள பின்னால வர்ற பிளேடு இன்னும் கீழ வெட்டிடும். அதுக்கப்புறம் மிச்சமிருக்கற முடி தோல் மட்டத்துக்குக் கீழ உள்வாங்கிக்கும். தொட்டுப் பார்க்க அவ்வளவு வழுவழுன்னு இருக்கறதுக்கு அதுதான் காரணம். நேர் முடிக்காரங்களுக்கு இதுல பெரிய தொந்தரவு இல்ல. கொஞ்சம் சுருட்டையா இருக்கறவங்களுக்கு, அந்தக் கூரான நுனி வளரும்போது நேரா வெளிய வராம பக்கவாட்டுல தோலைக் குத்திட்டுப் போயிடும், உடம்பு அதை வெளியாள் மாதிரி எதிர்க்கும், அதுதான் நீங்க சொல்ற பொரி. போதாததுக்கு ஒரு தடவை இழுத்தா அஞ்சு பிளேடு தோல் மேல போகுதுங்கறதை மறந்துட்டு ஒரே இடத்துல நாலஞ்சு தடவை இழுக்கறோம். கழுத்துக்கு மட்டுமாவது ஒத்தை பிளேடோ ரெண்டு பிளேடோ இருக்கற ரேசருக்கு மாறிப் பாருங்கன்னுதான் சொல்லுவேன்.

தண்ணி விஷயத்துல அவசரப்படவே கூடாது. காஞ்ச தாடி முடி முரடானது, தண்ணியை உறிஞ்சினாதான் மெத்துன்னு ஆகும், அதுக்கு ரெண்டு மூணு நிமிஷமாவது வேணும், முகத்துல ரெண்டு கை தண்ணி அடிச்சுட்டு உடனே ஃபோமைத் தடவறது கணக்குல சேராது. குளிச்சு முடிச்ச கையோட ஷேவ் பண்றது ரொம்ப நல்லது. நுரையைப் போட்ட உடனேயும் ரேசரை எடுக்காதீங்க, பிரஷ்ஷால வட்டம் வட்டமா தேச்சு ஒரு நிமிஷம் ஊற விடுங்க, முடி தூக்கிக் கொடுக்கும்.

அப்புறம் இழுக்கறது. ரேசர் அதோட சொந்த வெயிட்லயே போகணும், நீங்க அழுத்தக் கூடாது. பழைய மாடல் சேஃப்டி ரேசர்னா பிளேடு தோலுக்கு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வுல இருக்கணும். ரெண்டு மூணு சென்டிமீட்டருக்குச் சின்னச் சின்னதா இழுங்க, அடிக்கடி அலசுங்க. முதல் சுத்து முழுக்க முடியோட போக்குலயே. முகத்தைக் கழுவிட்டு புதுசா நுரை போட்டு ரெண்டாவது சுத்து, இந்தத் தடவை குறுக்கால. கன்னத்துக்கு ஆசைப்பட்டா மூணாவதா ரிவர்ஸ் போங்க, கழுத்துல ரெண்டோட நிறுத்திக்கோங்க. கழுத்துத் தோலை மேல இழுத்துப் பிடிச்சுக்கிட்டு வெட்டுற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க, இழுத்துப் பிடிச்சு வெட்டின முடி, கையை விட்ட உடனே தோலுக்குள்ள போயிடும். கடைசியில விரலால தடவும்போது அங்கங்க லேசா சொரசொரப்பு தட்டுப்படும், உடனே நுரை இல்லாத வெறும் தோல்ல ரேசரை வெச்சு ரெண்டு இழுப்பு இழுக்கத் தோணும் பாருங்க, பாதி எரிச்சல் வர்றதே அந்த ரெண்டு இழுப்புலதான். விரலுக்குத் தெரியற அந்தச் சொரசொரப்பு எதிர்ல நிக்கறவர் கண்ணுக்குத் தெரியாது, நம்புங்க.

முடிச்சதும் பச்சத் தண்ணியில கழுவி, துண்டால தேய்க்காம ஒத்தி எடுத்து, ஆல்கஹால் இல்லாத மாய்ஸ்சரைசர் போடுங்க. சுள்ளுன்னு எரியற ஆஃப்டர்ஷேவ் உங்க தோலுக்கு வேணவே வேணாம். படிகாரக் கல்லு கீறலுக்கு ரத்தத்தை நிறுத்தும், ஆனா தோலைக் காய வைக்கும், தேச்சா கழுவிடுங்க.

கேள்வி: ஒரு பிளேடை எத்தனை தடவை யூஸ் பண்ணலாம்? முடி மெத்துன்னுதானே இருக்கு, ஸ்டீல் எப்படி மொட்டையாகுது?

பதில்: நல்ல கேள்வி, இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. 2020-ல அமெரிக்காவுல எம்ஐடிங்கற தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆட்கள் மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெச்சு பார்த்தப்போ, முடி ஸ்டீலைவிட ஏறக்குறைய 50 மடங்கு மிருதுவா இருந்தும், வெட்டுப்படும்போது வளைஞ்சு பிளேடோட ஓரத்துல துணுக்கு துணுக்கா உடைச்சு எடுக்குதுன்னு தெரிஞ்சது. அப்படிச் சில்லு போன ஓரம் முடியை வெட்டாம பிடிச்சு இழுக்கும், அதை நாமளும் உணரலாம். அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம் 5-லேருந்து 7 ஷேவுக்குள்ள மாத்தச் சொல்லுது, உங்க தாடி அடர்த்தின்னா இன்னும் முன்னாடியே மாத்துங்க, முடி வெடுக்குன்னு இழுபட்டா எண்ணிக்கையெல்லாம் பார்க்காதீங்க. அலசி உதறி காய வைங்க, ஈர பாத்ரூம்லயே போட்டு வைக்காதீங்க, துண்டுல துடைக்காதீங்க. வீட்டுல ஆளுக்கு ஒரு ரேசர், அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி, கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துளி வழியா ஹெபடைடிஸ் பி, சி பரவும்.

கேள்வி: ஏற்கனவே வந்த பொரிக்கு என்ன பண்றது, ஊசியால குத்தி முடியை எடுத்துடலாமா?

பதில்: நோண்டாதீங்க, தழும்பு கறுப்பா தங்கிடும். மூணு நாலு வாரம் ரேசரை ஒதுக்கி வெச்சுட்டு டிரிம்மர்ல ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்க, முடி நீளமானா தானா வெளிய வந்துடும். சாலிசிலிக் ஆசிட் இருக்கற லோஷன் சிலருக்கு நல்லா கேட்கும். சீழ் வெச்சாலோ பரவினாலோ தோல் டாக்டர்கிட்ட போயிடுங்க, கிளீன் ஷேவ் கட்டாயம்னு சொல்ற வேலையா இருந்தா அவர்கிட்டயே லெட்டர் கேளுங்க, வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

கேள்வி: என் பையனுக்கு 16 வயசு, மீசை அரும்பிடுச்சு. இப்பவே ஷேவ் பண்ணா முடி தடிமனா வளர்ந்துடும்னு பயமா இருக்கு. முகத்துல பருவும் இருக்கு. (ஒரு அம்மா)

பதில்: அந்தப் பயம் வேணாம்மா. 1928-லயே மில்ட்ரெட் ட்ராட்டர்ங்கற அமெரிக்க உடற்கூறு ஆய்வாளர் அளந்து பார்த்து, ஷேவ் பண்றதால முடி தடிக்கறதும் இல்ல, வேகமா வளர்றதும் இல்லன்னு எழுதிட்டாங்க. இயற்கையா மெலிஞ்சு முடியற நுனியை வெட்டிடறதால மொட்டையா, தடிச்ச மாதிரி கைக்குத் தட்டுப்படும், அவ்வளவுதான். பரு மேல ரேசர் போகக் கூடாது, சுத்தி விட்டுட்டுப் பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா கொஞ்ச நாளைக்கு டிரிம்மரே போதும். பருவுக்கு ட்ரெட்டினாயின், அடாபலீன் மாதிரி கிரீம் போடறானா, ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுக்கறானான்னு மட்டும் கேட்டுக்கோங்க, அப்போ தோல் சீக்கிரம் கிழியற மாதிரி இருக்கும், மருந்து எழுதின டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ரேசரைக் கையில கொடுங்க.