பெரியப்பாவின் விருப்பத்துக்காக வீட்டை அடமானம் வைக்க வேண்டாம்

அன்புள்ள அம்மையீர்,

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகள் எச்.எஸ்.சி. என்னும் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றும் அரசு உதவித்தொகை கைநழுவியதால், வீட்டை அடமானம் வைத்தாவது அவளை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்க வேண்டும் என்று அவளுடைய பெரியப்பா வற்புறுத்துவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. மருத்துவராக வேண்டும் என்று அந்தப் பெண் ஒரு முறையேனும் சொன்னதாகத் தங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கடனை அடைக்கப்போகிறவரும் பெரியப்பா அல்லர்.

கடிதத்துடன் அவள் இணைத்திருந்த குறிப்பை நான் கவனமாகப் படித்தேன். தைப்பூசக் காவடிக்காகக் கோயிலில் பெயர் பதியும் குடும்பங்களுக்கென ஜாவா மொழியில் ஒரு நிரல் எழுதி, ஹைபர்னேட் என்னும் நூலகத்தை, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பை, பயன்படுத்தியிருக்கிறாள். நிரலில் உள்ள பொருள்களைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் இந்நூலகத்தைக் கேவின் கிங் 2001இல் தொடங்கினார். ஒரு குடும்பத்துக்குப் பல உறுப்பினர்கள் என்பதுதான் அவள் அமைத்த உறவு. உறுப்பினர்கள் பதிவானார்கள், ஆனால் அவர்கள் எந்தக் குடும்பம் என்று காட்டும் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை.

அவள் ஊகத்தில் எதையும் மாற்றிப் பார்க்கவில்லை. நூலகம் தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளைகளை, எஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மொழியில் உள்ளபடியே, திரையில் வரவழைத்து, குடும்ப எண்ணுக்குரிய இடத்தில் வெற்று மதிப்பு செல்வதைக் கண்டுபிடித்திருக்கிறாள். குடும்பமும் உறுப்பினரும் ஒன்றையொன்று சுட்டும் இருவழி உறவில், ஃபாரின் கீ, அதாவது இங்கே குடும்ப எண், இருக்கும் பக்கமே இணைப்பை எழுதும் உரிமைப் பக்கம். ‘மேப்டு பை’ என்று குறிக்கப்பட்ட மறுபக்கத்துப் பட்டியலில் மட்டும் உறுப்பினரைச் சேர்த்தால், ஹைபர்னேட் அந்த இணைப்பை எழுதுவதில்லை. எனவே இரு பக்கங்களையும் சேர்த்தே நிரப்பும் ஒரு செயல்முறையை எழுதிச் சரிசெய்திருக்கிறாள். பட்டியல் மெதுவாக வந்தபோதும் இதே பொறுமைதான்: பட்டியலுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று வீதம் 200 குடும்பங்களுக்கு 201 வினவல்கள் தரவுத்தளத்துக்குச் செல்வதை எண்ணிப் பார்த்து, குடும்பங்களையும் உறுப்பினர்களையும் சேர்த்தே கொண்டுவரும் ‘ஜாயின் ஃபெட்ச்’ கொண்டு ஒரே வினவலாக்கியிருக்கிறாள். நோயின் காரணத்தைத் தேடும் அறிவைத்தான் பெரியப்பா மதிக்கிறார் என்றால், அது அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவள் அதைச் செலுத்த விரும்பும் இடம் வேறு.

நம் நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டப்படிப்புக்கு 2019 முதல் கல்விக் கட்டணம் கிடையாது. அங்கே கணினி அறிவியல் படிக்கும்போதே, பலரும் எண்ணிப் பார்க்காத ஒரு வேலையையும் அவள் செய்யலாம். ஹைபர்னேட் திறந்த மூல நூலகம், அதன் நிரலை எவரும் படித்துத் திருத்தம் அனுப்பலாம். அதன் பிழைப் பதிவேட்டை எவரும் படிக்கலாம். உறவுகள், கேஸ்கேட் (ஒன்றில் செய்த செயல் அதனோடு இணைந்தவற்றுக்கும் பரவுதல்), தாமத ஏற்றம் (தேவைப்படும்போது மட்டும் தரவைக் கொண்டுவருதல்) ஆகியவை குறித்த ஒரு புகாரை எடுத்து, அந்தப் பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் மிகச் சிறிய சோதனையை எழுதுவதே முதல் படி. அதற்கான வார்ப்புருக்களை அத்திட்டத்தினரே தருகிறார்கள். நினைவகத்திலேயே இயங்கும் எச்2 தரவுத்தளம் போதும், தனிச் சர்வர் வேண்டாம். தெளிவான சோதனை இருந்தால் பழுது எங்கே என்று தேடும் வேலை பாதி குறையும், ஆகவே அதைப் பராமரிப்பவர்கள் வரவேற்பார்கள். இதற்குச் சம்பளம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயினும் கணினி நிறுவனங்கள் நிறைந்த எபேனில் வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில், அவள் பெயரில் உள்ள அந்தத் திருத்தங்களை நிறுவனத்தார் தாமே படித்துப் பார்க்க முடியும்.

அடமானப் பத்திரத்தில் தாங்கள் கையெழுத்திடக் கூடாது. பெரியப்பாவிடம் மறுப்பைத் தாங்களே சொல்லுங்கள். அந்தச் சுமையைப் பெண்ணின் மேல் வைக்காதீர்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தை மட்டும் அவள் கையாலேயே நிரப்ப விடுங்கள்.