அக்காவின் கையெழுத்து

கேள்வி: செங்கோட்டையில் 31 ஆண்டுகளாக நிலத் தரகு செய்கிறேன், மலையாள ஆண்டு போட்ட பழைய பத்திரங்களையும் படிப்பேன். விடியற்காலையில் குளத்தங்கரையில் நடந்து நாரைகளைப் பார்ப்பதுதான் என் மகிழ்ச்சி. இனித் தொழிலை விட்டுவிட்டு, அப்பா வாங்கிய இரண்டு ஏக்கர் வயலில் பயிர் செய்ய ஆசை. மகனோ மனைப்பிரிவு போடச் சொல்கிறான். அப்பா உயில் எழுதவில்லை. புனலூரில் இருக்கும் அக்கா, கேட்டதுமே தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டதால் அதில் சிக்கல் இல்லை. மகனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: மகன் இருக்கட்டும். ஒரே வரியில் நீங்கள் கடந்துபோன அக்காவைப் பற்றிப் பேசுவோம்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைவதற்கு முந்தைய திருவிதாங்கூர் பத்திரங்களைக்கூடப் படித்து, கொல்லம் 1100 என்றால் 1924-25 என்று மனக்கணக்காகச் சொல்லக்கூடியவர் நீங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பெண் வாரிசு ஒருவரின் கையெழுத்து விடுபட்டிருந்தாலும் வாங்குபவரை முன்பணம் கொடுக்க விட்டிருக்கமாட்டீர்கள். அந்தக் கையெழுத்தின் மதிப்பு உங்களுக்குத் தெரியாதா? அதற்கு ஈடாக அக்காவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லையே!

உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. கூட்டுக்குடும்பச் சொத்து குறித்து 1989-இல் தமிழ்நாடு செய்த திருத்தமோ 2005-இல் வந்த மத்தியத் திருத்தமோ இதற்குத் தேவையில்லை. முறையாகப் பதிவான விடுதலைப் பத்திரம் செல்லும் என்பதும், அக்கா வழக்குக்குப் போகமாட்டார் என்பதும் உங்களுக்குத் தெரியும். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாது என்பதற்காகவே பங்கை விட்டுக்கொடுத்த பெண்களின் கடிதங்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். தீபாவளிச் சேலையும் பொங்கல்படியும் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கும் தம்பிகளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் நாரைகளையும், குண்டாற்று நீர் பாயும் வயலின் மீது நீங்கள் வைத்திருக்கும் ஆசையையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த வரப்பில் அக்காவும் நடந்துதானே வளர்ந்தார்? இரண்டு ஏக்கரை 200 சென்டாகப் பார்க்க உங்கள் மகன் வேறு யாரிடம் கற்றிருப்பான்?

சாரல் தொடங்குவதற்குள் ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குப் போய், வயலின் அளவு வரைபடமான புலப்படத்தை அக்கா முன் விரித்து, வாய்க்கால் பக்கம் வேண்டுமா பாதைப் பக்கம் வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார். அதைச் சாக்காக வைத்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். ஓர் ஏக்கரைத் தானசெட்டில்மெண்டாக எழுதி, உட்பிரிவு செய்து, அவர் பெயரில் தனிப்பட்டாவும் வாங்கிக் கொடுங்கள். மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தை அவன் போடட்டும்.